நான்கு எல்லையும் கடல்

அத்தியாயம் பதினாறு

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கே கேதீஸ்வரி தான் வேலை செய்யும் சாவகச்சேரிக் கந்தோரைத் திறந்துவிட்டாள். காணிப் பத்திரம் எழுதும் நொத்தாரிசு றெபேக்கா ஒன்பதரைக்கு முன் வருவதில்லை. காணி உறுதி முடிக்க வருகிற சனம் பத்துக்கு முன் வருவதில்லை. வீட்டில் இருந்தால் விசர் பிடித்துவிடும் போல இருந்தது, வந்துவிட்டாள்.

கைத்தொலைபேசியை மேசையில் வைத்தாள். எடுத்துப் பார்த்தாள். திரும்ப வைத்தாள். முந்தாநாள் அவளுடைய கணவன் ஜெயதீபன் சொன்ன வார்த்தை காதை விட்டுப் போகவில்லை.

“தண்ணி என்ஜின் அறையின்ரை மூண்டாம் படிக்கு வந்திட்டுது, கேதீஸ்.”

அந்த அறைக்கு மொத்தம் ஒன்பது படிகள்.

கிழமை தவறாமல் வாசித்து வருகிறவர்களுக்கு இந்தச் சங்கடம் தெரியும். நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வரி சொல்லிவிடுகிறேன். ஜெயதீபன் ‘அஸ்திரா’ என்ற உல்லாசக் கப்பலில் என்ஜின் வேலைக்குப் போனவன். பணக்காரன் ஒருவன் குடும்பத்தோடு கடலில் உலாப் போவதற்கென்றே கட்டிய கப்பல் அது, இப்போது இருநூறு அடி நீளம். பதினொரு மாதங்களாக ஓர் அரபு நாட்டுத் துறைமுகத்துக்கு வெளியே, கரையிலிருந்து அரை மணி நேர ஓட்டத்தில், நங்கூரத்தில் நிற்கிறது. சொந்தக்காரனிடமிருந்து மூச்சுப் பேச்சு இல்லை. மருந்து வாங்கப் போகிறேன் என்று இறங்கிய கப்டன் போனவர் போனவர்தான். மற்றவர்களையும் ஒவ்வொருவராக ஊருக்கு அனுப்பிய துறைமுகக்காரர்கள், கடைசியாக மிஞ்சிய ஜெயதீபனைக் கப்பலின் காவலாளி என்று எழுதிக் கடவுச்சீட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். சொந்தக்காரன் கையெழுத்திட்டு விடுவித்தால்தான் காவலாளி இறங்கலாம் என்பது அந்த ஊர்ச் சட்டமாம்.

ஒரு தடவை மீனவன் ஒருவனின் படகில் ஏறிக் கரைக்குப் போய்ப் பார்த்தான். அன்று பின்னேரமே பொலிசார் கொண்டுவந்து கப்பலில் விட்டார்கள். ஏற்றிப் போன மீனவனின் படகைப் பத்து நாள் கட்டி வைத்தார்கள். அதற்குப் பிறகு யாருக்கு அவனை ஏற்றத் துணிவு வரும்?

இப்போது சூறாவளி ஒன்று அந்தக் கரையை நோக்கி வந்துகொண்டிருக்கிறது. சனிக்கிழமை அதிகாலை அடிக்குமாம். வெள்ளியும் சனியும் அங்கே கந்தோர்கள் பூட்டு. சொந்தக்காரனின் கடிதம் வியாழக்கிழமை மூன்று மணிக்குள் கையில் வந்தால் உடனே படகு அனுப்பி ஆளை இறக்குகிறோம் என்று துறைமுகக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். அவர்களின் மூன்று மணி எங்கள் நாலரை.

அந்த வியாழக்கிழமைதான் இது. சொந்தக்காரன் யாரென்று இன்னும் தெரியவில்லை.

இதில் கேதீஸ்வரிக்கு இருந்த கோபமும் வெட்கமும் கொஞ்சமல்ல. தென்மராட்சியில் ஒரு காணியின் சொந்தக்காரர் யாரென்று தெரியாவிட்டால் சனம் அவளிடம்தான் வரும். பன்னிரண்டு வருடமாக றெபேக்காவின் கந்தோரில் உறுதி தேடுகிறவள். பதிவகத்துப் பழைய ஏடுகளைப் புரட்டி, யார் யாருக்கு எழுதியது, எது சீதனம், எது முன்னோர் விட்ட முதுசம் என்று மூலவுறுதி வரை போய்விட்டுத்தான் எழும்புவாள். ஊரில் எல்லாருடைய வளவுக்கும் ஆள் கண்டுபிடித்துக் கொடுத்தவள், தன் புருசன் நிற்கிற கப்பலுக்குச் சொந்தக்காரர் தெரியாமல் பதினொரு மாதம் தவித்தாள்.

மேசை லாச்சியைத் திறந்து ஒரு தாளை எடுத்தாள். காணிக்குச் செய்வதைப் போலவே கப்பலுக்கும் ஒரு வரிசை போட்டிருந்தாள். கப்பலின் பேர், சொந்தக்காரர், எப்போது தொடக்கம், எப்போது வரை என்று நாலு நிரல்.

முதல் வரியில் வட ஐரோப்பாவில் பிஸ்கட் தகரம் செய்து பணம் சேர்த்த ஒரு கனவான். இருபத்திரண்டு வருடத்துக்கு முன் மனைவியின் பேரில் ‘மார்கிரெதா’ என்று கட்டுவித்தார். அப்போது நீளம் நூற்று அறுபது அடி. சங்குக்குள் இறங்குவது போல வளைந்து இறங்கும் தேக்குப் படிக்கட்டு, பளிங்குக் குளியலறை, எட்டுப் பேர் தூங்க எட்டு அறை. கடலைக் கண்டால் அந்த அம்மாவுக்குப் பயமாம், அதனால் கீழ்த்தட்டில் யன்னலே வைக்கவில்லை. கடலுக்குப் பயந்த பெண்ணுக்குக் கப்பல் கட்டிக் கொடுத்த மனிதனை என்னவென்று சொல்வது? ஆறு வருடத்தில் அந்த அம்மா கப்பலையும் விட்டாள், அவரையும் விட்டாள்.

இரண்டாவது வரி ஒரு பாலைவன நாட்டு வியாபாரி. பேரை ‘லுலுவா’ என்று மாற்றினார். நீச்சல் குளத்துக்கு இடம் காணாது என்று கப்பலை நடுவில் குறுக்காக வெட்டி, நாற்பது அடித் துண்டொன்றை இடையில் வைத்து ஒட்டுவித்தார். எங்களூரில் வீட்டுக்கு விறாந்தை இழுக்கிற சுகத்தில் செய்திருக்கிறார் மனிதர். மூன்றாவது ஒரு தீவில் பதிந்த கொம்பனி. ‘கோல்டன் டே’ என்று பேர் வைத்துக் கலியாணங்களுக்கும் களியாட்டங்களுக்கும் வாடகைக்கு விட்டது. நாலாவது இன்னொரு தீவில் பதிந்த இன்னொரு கொம்பனி. அதுதான் ‘அஸ்திரா’. கொம்பனிக்குப் பின்னால் நின்ற ஆளைக் கப்பலில் எல்லாரும் ‘பெரியவர்’ என்றார்கள். பெரியவருக்குப் பேர் இருந்ததாக யாருக்கும் தெரியவில்லை.

கப்பலின் வடிவமெல்லாம் அவளுக்குத் தெரிந்தது ஜெயதீபனால். என்ஜின் அறை அலுமாரியில் பழைய வரைபடங்கள் சுருட்டிக் கிடந்தன. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒவ்வொன்றாய்ப் படம் பிடித்து அனுப்புவான். இஞ்சை பார், இதுதான் படி, இதுதான் குளம் என்று எவ்வளவு பெருமை! இப்போது தண்ணீர் வருவது அந்த வரைபடத்தில் சிவப்புக் கோடு போட்ட இடத்தால்தான். வெட்டி ஒட்டிய மூட்டு விட்டுக்கொடுக்கத் தொடங்கிவிட்டது. டீசல் முடிந்து பம்ப் நின்றபின் அவன் கைப்பம்பால் இறைத்துக்கொண்டிருந்தான்.

தாளின் அடியில், உறுதி எழுதுகிற பழக்கத்தில், ஆரம்ப நாளொன்றில் அவள் எல்லையும் எழுதியிருந்தாள். வடக்குக் கடல், கிழக்குக் கடல், தெற்குக் கடல், மேற்குக் கடல். எழுதிய அன்று சிரித்தாள். இன்று அந்த வரியை விரலால் மறைத்துக்கொண்டாள்.

ஒன்பது மணிக்கு வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. மாமனார் தம்பிராசா. சண்டிலிப்பாயில் புகையிலைத் தோட்டம் செய்கிறவர், எழுபது வயது. விடிய முதல் பஸ் பிடித்து, யாழ்ப்பாணத்தில் மாறி வந்திருக்கிறார். தென்மேற்குக் கச்சான் காற்று அள்ளிய புழுதி வேட்டிக் கரையெல்லாம் அப்பிக் கிடந்தது. ஒரு கையில் கத்தரிக்காய்ப் பை. மற்றக் கையில், பொலித்தீனில் சுற்றிய ஒரு பழைய கோப்பு.

“என்ன மாமா இது?”

“தோட்டக் காணி உறுதி. உந்தத் துறைமுகக்காரருக்குப் பிணையா வைக்கலாமோ எண்டு மேடத்தைக் கேப்பம் எண்டு கொண்டந்தனான்.”

“அவையள் காணி கேக்கேல்லை மாமா. கப்பல்காரன்ரை கையெழுத்துத்தான் கேக்கினம்.”

“அவனைத்தானே பிடிக்கேலாமல் கிடக்கு. பிடிக்கக்கூடிய என்னைப் பிடிக்கட்டுமன்.”

அவள் கதிரையை இழுத்துப் போட்டாள். கிழவர் உட்காரவில்லை. சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் பார்த்தபடி நின்றார்.

றெபேக்கா வழக்கத்துக்கு மாறாக ஒன்பது பத்துக்கே வந்துவிட்டாள். குடையைக்கூட மடக்காமல் உள்ளே வந்தவளின் முகத்தைப் பார்த்ததும் கேதீஸ்வரி எழுந்துவிட்டாள். உடுவில் கல்லூரியில் றெபேக்காவோடு படித்த சிநேகிதி ஒருத்தி லண்டனில் கொம்பனிச் சட்டம் பார்க்கிறாள். அவளைக் கொண்டுதான் மூன்று கிழமைக்கு முன் அந்தத் தீவின் கொம்பனிப் பதிவுக்கு விண்ணப்பம் போட்டிருந்தார்கள்.

“வந்திட்டுதே மேடம்?”

“வந்திட்டுது.” றெபேக்கா பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். “இரும் கேதீஸ். இருந்துகொண்டு வாசியும்.”

“பேர் கிடக்கோ?”

“கிடக்கு.”

கேதீஸ்வரி உட்காரவில்லை. தாளைப் பறிக்காத குறையாக வாங்கினாள். ஆங்கிலத்தில் இரண்டு பந்தி. கொம்பனியின் பேர், பதிவிலக்கம், பதிந்த திகதி. அதன் கீழே, கொம்பனியின் ஒரேயொரு பங்காளியும் ஒரேயொரு பணிப்பாளரும் இன்ன திகதி தொடக்கம் இன்னார் என்று ஒரு வரி.

அந்த வரியை அவள் மூன்று தரம் வாசித்தாள். மூன்று தரமும் அது மாறவில்லை.

தம்பிராசா அவளின் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். கிழவருக்கு ஆங்கிலம் தெரியாது. பாங்கில் கையெழுத்துப் போட்டுப் போட்டுத் தன் பேரையும் தன் ஊரையும் மட்டும் எழுத்துக்கூட்டப் பழகியிருந்தார்.

“பிள்ளை,” என்றார், “இதிலை ஏன் என்ரை பேர் கிடக்கு?”

தாளில் விரலை வைத்துக் காட்டினார்.

“தம்பிராசா எண்டுதானே கிடக்கு? கீழை சண்டிலிப்பாய். என்ரை வீட்டு நம்பர். மேடம், இதென்ன கூத்து?”

“உங்கடை பேருக்குப் பக்கத்திலை உங்கடை மகன்ரை பேரும் கிடக்கு ஐயா,” என்றாள் றெபேக்கா மெதுவாக. “தம்பிராசா ஜெயதீபன். கப்பல் இப்ப அவற்றை சொத்து.”

கேதீஸ்வரி அந்த வரியில் இருந்த திகதியையே பார்த்தாள். போன வருடம் பங்குனி மாதம் பதினெட்டு. அந்த நாள் ஏன் தெரிந்த நாளாக இருக்கிறது? யோசித்தாள். நினைவு வந்ததும் தாளை மேசையில் வைத்தாள்.

அன்று இதே மேசையில்தான் இருந்தாள். கனடாவில் இருக்கிற ஒருவர், மீசாலையில் இருக்கிற தன் காணியை மருமகனின் பேரில் எழுதி வைக்க வந்திருந்தார். பேருக்குத்தான் எழுதுவது, காணி அவருடையதுதான். ஊரில் ஆள் இல்லாவிட்டால் வேலியைத் தள்ளிப் போடுகிறார்கள் என்பதால் நம்பிக்கையான ஒருவரின் பேரில் விடுவது எங்கள் பக்கத்தில் புதினமா என்ன? அப்படி நூறு உறுதி அவள் எழுதியிருப்பாள். சாட்சிக்காரர் அவசரப்படுத்திக்கொண்டு நிற்கையில் ஜெயதீபன் கூப்பிட்டான்.

“கேதீஸ், கப்டன் ஒரு பேப்பர் தாறார். பெரியவருக்கு ஏதோ சிக்கலாம். கொஞ்ச நாளைக்குக் கொம்பனியை என்ரை பேரிலை விடட்டாம். நீர்தானே உதுகள் தெரிஞ்ச ஆள். போடட்டோ?”

“பேருக்குத்தானே?”

“பேருக்குத்தானாம். பேந்து திருப்பி எழுதுவினமாம்.”

“நம்பி ஒரு ஆளின்ரை பேரிலை விடுறது இஞ்சை நாங்கள் தினம் செய்யிறதுதானே. போடுங்கோ. நான் பேந்து எடுக்கிறன்.”

அவ்வளவுதான். பேந்து அவனை அழைத்தபோது வேறு கதை கதைத்தார்கள், திருப்பி எழுதியிருப்பார்கள் என்று அவளும் அதை மறந்துபோனாள். மீசாலைக் காணி யாருடையது என்று மீசாலை முழுக்கத் தெரியும். மருமகன் ஏமாற்ற நினைத்தாலும் ஊர் விடாது. அந்த நம்பிக்கையைத்தான் அவள் தொலைபேசி வழியாகத் தூக்கிக் கடலில் போட்டிருக்கிறாள். கடலில் ஊர் ஏது, அயல் ஏது?

“நான்தான் மாமா,” என்றாள். “என்னைக் கேட்டவர். நான்தான் போடச் சொன்னனான்.”

தம்பிராசா திரும்பி அவளைப் பார்த்தார். “நீயே பிள்ளை?”

அவள் தலையைக் குனிந்தாள். கிழவர் கோப்பைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வெளியே போய், வீதியைப் பார்த்தபடி படியில் இருந்துவிட்டார். ஏசியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

“அழ நேரமில்லை,” என்றாள் றெபேக்கா. அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் சொன்னாள். “கேளும். இதிலை ஒரு வழியும் கிடக்கு, ஒரு குழியும் கிடக்கு. துறைமுகத்துக்குக் கொம்பனியின்ரை பேர் மட்டும்தான் தெரியும். இந்தப் பத்திரத்தோடை ஜெயதீபன் சொந்தக்காரனாக் கையெழுத்துப் போட்டு, காவலாளியை விடுவிக்கிறன், கப்பலைத் துறைமுகத்திட்டை ஒப்படைக்கிறன் எண்டு எழுதினால், அவையள் இறக்கத்தான் வேணும்.”

“தன்னைத் தானே விடுவிக்கிறதோ மேடம்?”

“வேறை ஆர் கிடக்கினம்? ஆனால் அதோடை கப்பலின்ரை பழியும் பாக்கியும் முழுக்க அவற்றை தலையிலை. இறக்கின கையோடை சிறையிலை, மறியலிலை போட்டாலும் போடுவினம். எத்தனை வருசம் எண்டு என்னாலை சொல்லேலாது.”

“போடாட்டில்?”

றெபேக்கா யன்னல் பக்கம் பார்த்தாள். “உம்மடை வரிசையிலை அவற்றை பேரை எழுதினால், எங்கடை தேசவழமைப்படி அது தேடியதேட்டம். அதிலை மனுசிக்குப் பாதி எப்ப வரும் எண்டு உமக்குத் தெரியும்தானே.”

தெரியும். கலியாணத்துக்குப் பிறகு சேர்ந்த சொத்தில் பாதி, புருசன் செத்தால் வரும்.

“நான் இந்தப் பத்திரத்தைத் துறைமுகத்துக்கு அனுப்பினால் பிறகு திருப்பி எடுக்கேலாது,” என்றாள் றெபேக்கா. “அவர் ஓம் எண்டு சொன்னால்தான் அனுப்புவன். அவரைக் கேளும்.”

கேட்பதற்கு அவன் கூப்பிட வேண்டும். அவன் தொலைபேசிக்கு மின்சாரம் ஏற்றிக் கொடுப்பது சலீம் என்ற அதே மீனவன். ஒருநாள் விட்டு ஒருநாள் குடிதண்ணீரோடு கொண்டுவந்து கொடுப்பான். அவன் வந்தால்தான் அழைப்பு வரும். இவள் அழைத்தால் அணைந்து கிடக்கும். பத்து மணியானது. பதினொன்றானது. சந்தையில் மாம்பழ லொறியும் பஸ்ஸும் முட்டிக்கொண்டு ஹோன் அடித்தன. உறுதி முடிக்க வந்த இரண்டு பேரை றெபேக்கா நாளைக்கு வரச் சொல்லி அனுப்பிவிட்டாள். மத்தியானச் சாப்பாட்டுப் பார்சல் பிரிக்காமலே கிடந்தது. கேதீஸ்வரி கடிதத்தை ஆங்கிலத்தில் எழுதி, வெட்டி, திரும்ப எழுதினாள். நீளமாக இருந்தால் பற்றரி காணாது என்று மறுபடி குறைத்தாள். கடைசியில் ஆறு வரி மிஞ்சியது.

இரண்டே முக்காலுக்குத் தொலைபேசி அடித்தது.

“கேதீஸ்…” காற்று அவன் குரலைத் தின்றது. “தண்ணி ஆறாம் படி. நங்கூரச் சங்கிலி இழுபடுற சத்தம் கேக்குது. சலீம் கீழை படகோடை நிக்கிறான். இதுதான் கடைசித் தரமாம், இனிப் புயல் முடியத்தான் வருவானாம்.”

“இஞ்சேருங்கோ, நான் சொல்லுறதைக் கேளுங்கோ. சொந்தக்காரன் ஆரெண்டு தெரிஞ்சிட்டுது.”

மறுபக்கத்தில் காற்று மட்டும் இரைந்தது.

“கேக்குதே?”

“கேக்குது,” என்றான். பிறகு, “எனக்குத் தெரியும்” என்றான்.

“என்ன தெரியும்?”

“கப்டன் போகேக்கை சொல்லிப்போட்டுத்தான் போனவர். இனி எல்லாம் உன்ரை பேரிலைதான், கவனம் எண்டு. ஏழு மாதமாத் தெரியும்.”

கேதீஸ்வரி கதிரையைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். “தெரிஞ்சுகொண்டே என்னைத் தேட விட்டனீங்கள்? நான் ஊர் உலகமெல்லாம் கடிதம் எழுதி அலைஞ்சன்! ஒரு சொல் சொல்லக்கூடாதோ?”

“சொன்னால் நீர் அந்த நாளை யோசிப்பீர். நீர்தான் போடச் சொன்னது எண்டு ஞாபகம் வந்திடும். நான் இஞ்சை தண்ணி இறைக்கிறது காணாதே? நீரும் அங்கை இருந்து சாகவேணுமோ?”

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். இந்த மனிசனை என்ன செய்வது என்று தெரியவில்லை. திட்டவும் வரவில்லை, அழவும் நேரமில்லை.

“பற்றரி எவ்வளவு?”

“பதினொண்டு.”

“அப்ப எழுதுங்கோ. நான் சொல்லச் சொல்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுச் சலீமிட்டைக் குடுத்து விடுங்கோ. அவர் அந்தக் கந்தோரிலை மூண்டு மணிக்கு முதல் குடுக்கவேணும்.”

“மாட்டன்.”

“என்ன?”

“நான்தான் சொந்தக்காரன் எண்டு கையெழுத்துப் போட்டால் எல்லாப் பாக்கியும் என்னிலை. பேப்பரிலை ஐயாவின்ரை விலாசம் கிடக்கு. தோட்டத்துக்கு வருவாங்கள். உம்மடை சீதன வீட்டுக்கும் வருவாங்கள். நான் ஒருத்தன் இதோடை போனால் கப்பலும் போகும், கணக்கும் போகும். உங்களுக்கு ஒண்டும் இல்லை.”

இப்படி யோசித்துக்கொண்டுதான் ஏழு மாதம் பம்ப் அடித்திருக்கிறான். கேதீஸ்வரி சரியான சொல்லைத் தேடினாள்.

பின்னால் இருந்து ஒரு கை வந்து தொலைபேசியை வாங்கியது. தம்பிராசா எப்போது உள்ளே வந்தார் என்று அவள் காணவில்லை.

“மோனை, கொப்பன் கதைக்கிறன். காணி எங்கையும் ஓடாது, அது கிடக்கும். நீதான் கிடக்க மாட்டாய். ஆர் வந்தால் என்ன, வரட்டும். இந்தா, உறுதியைக் கையிலை வைச்சுக்கொண்டு நிக்கிறன், வாறவனிட்டைக் குடுத்துவிட. நீ மறியலிலை இருந்தால் நான் வந்து பாப்பன். கடலுக்கை இருந்தால் நான் எங்கை வந்து பாக்க?” கிழவருக்கு மூச்சு வாங்கியது. “அந்தப் பிள்ளை சொல்லுறதை எழுது. விளங்குதே?”

தொலைபேசியை அவளிடம் நீட்டினார். அவள் முகத்தைப் பார்க்காமல்தான் நீட்டினார். ஆனால் நீட்டினார்.

“பேப்பர் இல்லை,” என்றான் ஜெயதீபன். அவன் அழுகிறான் என்பது தெரிந்தது. “எல்லாம் ஊறிப்போச்சு.”

“வரைபடம்? அலுமாரி மேல்தட்டிலை வைச்சனான் எண்டு சொன்னீங்கள்.”

“பொறும்.” தடதடவென்று ஓடும் சத்தம். “கிடக்கு. கப்பலை வெட்டி ஒட்டின படம். பின்பக்கம் வெறுமை.”

“அதிலை எழுதுங்கோ.”

அவள் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். அஸ்திரா என்னும் கப்பலின் ஒரே உரிமையாளனாகிய நான், தம்பிராசா ஜெயதீபன். அவன் திருப்பிச் சொன்னான். காவலாளி ஜெயதீபனை இன்று தொடக்கம் விடுவிக்கிறேன். அதைத் திருப்பிச் சொல்லும்போது அவனுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க வேண்டாம் என்று அவள் கத்தினாள். கப்பலைத் துறைமுகத்தின் பொறுப்பில் ஒப்படைக்கிறேன். கண்ணால் றெபேக்காவுக்குச் சைகை காட்டினாள். றெபேக்கா பத்திரத்தை அனுப்பும் பொத்தானை அழுத்தினாள்.

“இன்றைய திகதி போட்டாச்சே?”

“ஓம்.”

“சலீமைச் சாட்சிக்கு வைக்கச் சொல்லுங்கோ. இப்ப உங்கடை கையெழுத்து.”

“கேதீஸ்.”

“என்ன?”

“போடட்டோ?”

அதே கேள்வி. பதினான்கு மாதத்துக்கு முன் இதே மேசையில், காதுக்கும் தோளுக்கும் நடுவில் தொலைபேசியை இடுக்கிக்கொண்டு கேட்ட அதே கேள்வி. அன்று அவள் யோசிக்காமல் சொன்னாள். இன்று எல்லாம் யோசித்தாள். மறியலை யோசித்தாள், வருடங்களை யோசித்தாள், ஒன்பது படியையும் யோசித்தாள்.

“போடுங்கோ,” என்றாள்.

தொலைபேசி அடங்கிவிட்டது. அவன் கேட்டானா, கேட்குமுன்னே நின்றுவிட்டதா என்று தெரியவில்லை. திரும்ப எடுத்தாள். அணைந்து கிடந்தது.

“போட்டிட்டானே பிள்ளை?”

“தெரியேல்லை மாமா.”

மூன்று மணியானது. மூன்றரையானது. அரை மணி ஓட்டம், அலை பெரிதென்றால் ஒரு மணி. சலீமின் படகு சிறியது. கந்தோர் வாசலில் காவல்காரன் மறித்தால்? பழைய கோபத்தில் துரத்தினால்? றெபேக்கா வேதப்புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தைப் பார்த்திருந்தாள். தம்பிராசா இப்போது கேதீஸ்வரியின் பக்கத்துக் கதிரையில் இருந்தார்.

சும்மா இருக்க முடியாமல் கேதீஸ்வரி அந்தத் தாளை எடுத்தாள். நாலாவது வரியின் கடைசி நிரலில் போன வருடம் பங்குனி பதினெட்டு என்று எழுதிப் பெரியவரை முடித்தாள். அதன் கீழே ஐந்தாவது வரியை எழுதினாள். கப்பலின் பேர் அஸ்திரா. சொந்தக்காரர் தம்பிராசா ஜெயதீபன், சண்டிலிப்பாய். தொடக்கம், பங்குனி பதினெட்டு. கடைசி நிரலுக்கு வந்தபோது பேனை நின்றது. எப்போது வரை? இன்றைய திகதியை எழுதலாம். எழுதக் கை வரவில்லை. அந்தக் கட்டத்தில் இன்றைய திகதி வருவதற்கு இரண்டு காரணம் இருக்கலாம் என்பது அவளுக்குத் தெரியும்.

நாலு இருபத்தைந்துக்குத் தொலைபேசி அடித்தது.

ஜெயதீபனின் இலக்கம் இல்லை. அந்த நாட்டு இலக்கம்தான், ஆனால் முன்பின் காணாதது. தம்பிராசா எழுந்து நின்றார். றெபேக்கா புத்தகத்தை மூடினாள்.

கேதீஸ்வரி எடுத்துக் காதில் வைத்தாள். ஓர் ஆண்குரல் ஆங்கிலத்தில், மரியாதையாக, அவசரமில்லாமல் கேட்டது. அஸ்திரா கப்பலின் சொந்தக்காரருடைய மனைவியா பேசுவது?

பதினொரு மாதமாக எத்தனையோ பேரிடம் அவள் கேட்டுத் திரிந்த பேர் அது. கப்பலின் சொந்தக்காரர். கடிதம் போய்ச் சேர்ந்திருக்கிறது. அவன் கையெழுத்துப் போட்டிருக்கிறான். அதற்குப் பிறகு என்ன நடந்தது என்பதை இந்தக் குரல் இனித்தான் சொல்லப் போகிறது.

அவள் மற்றக் கையால் மாமனாரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஓம்,” என்றாள். “நான்தான்.”